பாயில வந்து உக்காந்த சாமி

‘ஆறுதல்’ என்று சொன்னாலே இயக்கத்துத் தோழர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். அடிபட்டவனைத் தூங்க வைக்கிற அபினி அது, வரவேண்டிய கோபத்தை வரவிடாமல் பண்ணிவிடும் என்கிறார்கள். பல இடத்தில் அது உண்மைதான். ஆனா ஜெபம் பண்ணிட்டு எழுந்துபோய் நடுரோட்டுல உக்காந்த பொம்பளைங்களையும் நான் பாத்திருக்கேன். அதுல ஒருத்தி எங்க ஆயா. அதனால இந்த ஆறுதலப் பத்தி எனக்குத் தெரிஞ்சதச் சொல்லணும்.

எங்க ஊர் திருத்தணிக்குப் பக்கம். 1960 ஏப்ரல் 1 வரைக்கும் அது ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டம், அதுக்கப்புறம் தமிழ்நாடு. கோடு மாறிச்சே தவிர சேரி அதே இடத்துலதான் இருந்தது. எங்க காலனியில பாதி வீட்ல தெலுங்கு, பாதி வீட்ல தமிழ். ஆயா சண்டை போட்டா தமிழ், ஜெபம் பண்ணா தெலுங்கு.

டிசம்பர் 31 ராத்திரி மலைக்கோயில் 365 படிக்கும் பூஜை போட்டுப் பாடிக்கினே சனங்க ஏறுவாங்க. அதே ராத்திரி கீழ எங்க சர்ச்சுல வருஷக் கடைசி ஆராதனை. எங்க சனத்துக்குக் கோயில் கதவு சட்டப்படி திறந்ததே 1947ல்தான். முருகன் மேல ஆயாவுக்குக் கோபம் கிடையாது, வழிய மறிச்சவங்க மேலதான். “அந்த சாமி ஒசரத்துல கீறாரு. நம்ம சாமி எறங்கி வந்து நம்ம பாயில உக்காந்துக்குவாரு” என்று சொல்லும்.

‘சோத்துக்கு மாறுனவங்க’ என்று எங்களை ஏசுவார்கள். வடக்கே ஓங்கோலில் நடந்ததை நான் பிறகுதான் படித்தேன். 1876–78 தாது வருஷப் பஞ்சம். ஜான் கிளவ் என்ற அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி பக்கிங்காம் கால்வாயில் ஒரு பகுதியை வெட்டுகிற காண்டிராக்டை எடுத்து, பட்டினி கிடந்த மாதிகர்களுக்கு வேலையும் கூலியும் கொடுத்தார். பஞ்ச நிவாரணம் நடந்த காலத்தில் யாருக்கும் ஞானஸ்நானம் தர மறுத்தார். அது முடிந்த பிறகுதான் கொடுத்தார்; 1878 ஜூலை 3 அன்று ஒரே நாளில் 2,222 பேர். வெள்ளைக்காரர் மட்டும் கொண்டுவந்த செய்தியும் இல்லை அது. எர்ரகுண்ட்ல பெரையா என்ற மாதிகர் அதற்கு முன்னாலிருந்தே ஊர் ஊராகப் போய்ச் சொன்னவர். சோறுதான் காரணம் என்றால் பஞ்சம் போனதும் திரும்பிப் போயிருக்க வேண்டும். அந்த 2,222 பேருக்கும் சோற்றுக்கு மேல ஏதோ ஒண்ணு கிடைச்சிருக்கு.

அது என்னன்னு எனக்குத் தெரிஞ்சது எங்க அம்மா செத்த ராத்திரி. விசைத்தறிக்குத் தார் சுத்திச் சுத்தி நெஞ்சு கெட்டுப்போன அம்மா. பொணம் வீட்ல கெடக்குது. தெரு வழியா எடுத்துக்கினு போவக்கூடாது, வயக்காட்டு வரப்புல போங்கன்னு அன்னிக்கு ராத்திரியே ஆள் வந்து சொல்லிட்டுப் போயிட்டாங்க. எனக்கு அழுகையும் வரல, ஜெபமும் வரல. நைனா செவுத்தப் பாத்து உக்காந்துட்டாரு. ஆயா பாய விரிச்சி என்ன இழுத்து உக்கார வெச்சி, முதுகுல கைய வெச்சிக்கினு, அன்னிக்கு மட்டும் தமிழ்ல பேசிச்சு: “ஏசய்யா, உன்னியும் ஊருக்கு வெளியதான் கொண்டுபோயிக் கொன்னாங்க. உனக்குத் தெரியாததா?”

வெளிச்சம் ஒண்ணும் தெரியல. குரலும் கேக்கல. நெஞ்சுல கல்லாட்டம் நின்னது மெள்ள எறங்கி மூச்சு வந்துச்சு. அழுகையும் வந்துச்சு. நாங்க படறத ஏற்கனவே பட்ட ஒருத்தர் பக்கத்துல உக்காந்திருக்கிறார் என்பது, ஆயா கை முதுகுல இருக்கிறது எப்படித் தெரிஞ்சதோ, அப்படித் தெரிஞ்சது. அம்மா திரும்பி வரல. பயம் போச்சு.

காலையில தெருமுனையில மறிச்சாங்க. ஆயா பாடைக்கு முன்னால நடுரோட்டுல உக்காந்துச்சு. காலனிப் பொம்பளைங்க மொத்தமும் உக்காந்தாங்க. வெயில்ல பொணம் கெடந்தது. சாயங்காலம் அதிகாரிங்க வந்த பிறகு அந்தத் தெரு வழியாத்தான் அம்மா போனாங்க. “ராத்திரியெல்லாம் கூட அழுத சாமி பகல்ல கூட நடக்கமாட்டாரா?” என்றது ஆயா.

அதுக்கப்புறம் புகார் குடுக்கப் போனோம். ஒரு அதிகாரி கேட்ட முதல் கேள்வி, “நீங்க கிறிஸ்டியனா?” கிறிஸ்டியன்னா வன்கொடுமைச் சட்டத்துல வராதாம். தெருவுல மறிச்சவன் எங்க மதத்தக் கேக்கல. சட்டம்தான் கேட்டுச்சு.

1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் 3ஆம் பத்தி இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியாக ஏற்றது. 1956ல் சீக்கியரையும் 1990ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியே. தமிழ்நாட்டில் எங்களுக்குப் பிற்படுத்தப்பட்டோர் என்று பெயர். அந்தப் பத்தியை நீக்கச் சொன்ன ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் அறிக்கை கொடுத்தது 2007ல். 2022ல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு கமிஷன் போட்டார்கள். இதற்கிடையில் எத்தனையோ வீடுகளில் பிள்ளைக்குச் சர்ச்சில் ஒரு பேர், சர்டிபிகேட்டில் ஒரு பேர். ஆறுதல் தந்தவர் பேரைச் சொன்னால் படிப்பும் வேலையும் போகும் என்பதுதான் இவர்கள் வைத்திருக்கிற விலை.

சபையும் யோக்கியம் இல்லை. திருச்சி மேலப்புதூர் கல்லறையில் செத்தவர்களுக்கு நடுவிலேயே சாதிச் சுவர் எழுப்பினார்கள். 2008 மார்ச்சில் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டதற்கு அவர்கள் வீடுகளை அடித்து நொறுக்கினார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 2 பேர் செத்தார்கள். திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்பதை இந்திய ஆயர் பேரவை 2016ல் தன் கொள்கை ஆவணத்திலேயே ஒத்துக்கொண்டது. அதனால், எனக்குக் கிடைத்த ஆறுதலை எந்தச் சபைக் கணக்கிலும் நான் எழுதமாட்டேன். அது ஆயாவின் பாயில் கிடைத்தது.

மதுரை இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு, ‘பரட்டை’ என்று எல்லாரும் கூப்பிட்டவர், கடவுளைப் ‘பெத்தவரே’ என்று அழைத்து நாட்டுப்புற மெட்டில் பாட்டுக் கட்டினார். பெத்தவங்க புள்ள அழுதா தூக்குவாங்க. புள்ளய அடிச்சவன்கிட்ட போய் நியாயமும் கேப்பாங்க. முதல் பாதியை மட்டும் பிரசங்கம் பண்ணுகிறவர்களிடம் தோழர்கள் சண்டை போடட்டும், நானும் கூட வருகிறேன். ஆனா அந்த முதல் பாதி வேணாம்னு மட்டும் சொல்லாதீங்க. அது இல்லேன்னா அன்னிக்குக் காலையில எங்களுக்கு எழுந்து நிக்கத் தெம்பு இருந்திருக்காது.

1950 ஆணை வந்த ஆகஸ்ட் 10ஐக் கறுப்பு நாளாக அனுசரிக்கிறோம். ஆயா போய்ச் சேர்ந்துவிட்டது. அதன் பாய் எங்கிட்ட கீது. வர்ற ஆகஸ்டுலயும் அதைச் சுருட்டி எடுத்துக்கினுதான் போவேன். ரோட்டுல உக்கார வேண்டியிருக்கும்.