திருகோணமலையில் ஒரு பகல்

2023 ஜூன். காலை 6.10

கப்பலின் மேல்தளத்தில் நிற்கிறேன். ஊரில் மழை இல்லையென்றால் இந்நேரம் அண்ணன் ரப்பர் வெட்ட இறங்கியிருப்பார். இங்கே கடலிலிருந்து நேரே எழும்பி நிற்கிறது ஒரு கரும்பாறை. உச்சியில் கோணேஸ்வரம். திருஞானசம்பந்தர் இராமேஸ்வரத்துக் கரையில் நின்றே இந்தக் கோயிலைப் பாடினார் என்பார்கள். சென்னையில் கப்பலேறியதே இதற்காகத்தான். வழியில் கப்பல் நின்ற அம்பாந்தோட்டையில் நான் இறங்கவில்லை.

8.40

சுற்றுலா பஸ் வேண்டாமென்று ஆட்டோ பிடித்தேன். கொஞ்ச தூரம் போனதும் ஆட்டோக்காரத் தம்பி திரும்பிப் பார்த்தான்.

"அக்கா எந்த ஊர்? கதைக்கிறதைக் கேட்டா யாழ்ப்பாணம் மாதிரிக் கிடக்கு."

"ஆரியங்கோடு. நெய்யாற்றின்கரைப் பக்கம், கேரளம்."

"கேரளமோ? தமிழெல்லோ கதைக்கிறீங்கள்!"

மாநிலங்களைப் பிரித்த 1956 நவம்பர் 1-ஐச் சொன்னேன். கல்குளம், விளவங்கோடு, அகஸ்தீஸ்வரம், தோவாளை சென்னை மாநிலத்துக்குப் போயின; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம் என்று வளர்ந்தவள் நான். அவன் போன வருசம் பெட்ரோலுக்கு வரிசையில் கிடந்த கதையைச் சொன்னான். வழியெல்லாம் பெயர்ப்பலகைகளில் சிங்களத்தோடு தமிழும் இருந்தது. போலீஸ் ஸ்டேஷன் பலகையைக்கூட வாய்விட்டுப் படித்தேன்.

10.00

பிரெடெரிக் கோட்டை. மலைமேல் இருந்த பழைய கோயிலைப் போர்த்துக்கீசியர் 1622-இல் இடித்தார்கள். அதன் கல்லும் இந்தக் கோட்டைக்குள் போனது. பிறகு டச்சுக்காரர், ஆங்கிலேயர். இன்றும் உள்ளே ராணுவம்தான். வாசல் கல்லில் இரண்டு கயல்மீன், கூடவே தமிழ் எழுத்து. கழுத்தைச் சாய்த்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தேன். எனக்குத் தமிழெழுத்து பள்ளியில் கிடைத்ததல்ல. அம்மா கல்யாணப் பத்திரிகைகளை வைத்துச் சொல்லித்தந்தது. கோயிலை உடைத்துக் கட்டிய கோட்டையின் வாசலில் அந்த எழுத்து உயிரோடு இருக்கிறது. கண் நிறைந்துவிட்டது. அரைமணி நேரம் அங்கேயே போனது.

உள்ளே மரத்தடியில் புள்ளிமான்கள். ஒன்று என் பைக்குள் மூக்கை விட்டது. ஈரமான கறுத்த மூக்கு, இமைக்காத கண். வாழைப்பழத்தைத் தோலோடு தின்றது.

11.30

கோயிலில் மாதுமை அம்மனைக் கும்பிட்டேன். 1950-இல் பக்கத்தில் கிணறு தோண்டும்போது, புதைந்து கிடந்த செப்புச் சிலைகள் கிடைத்தன. ஆர்தர் சி. கிளார்க் 1956-இல் பாறையடியில் மூழ்கி, கடலுக்குள் கோயிலின் இடிபாடுகளைக் கண்டார். பாறைப் பிளவான இராவணன் வெட்டுக்கு மேலே நின்று எட்டிப் பார்த்தேன். நீலத்துக்குள் ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் கைகூப்பினேன்.

1.15

கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளுக்கு நேரமில்லை. தம்பி தன் வீட்டுக்குக் கூட்டிப்போனான். பிட்டும் சூடை மீன் குழம்பும். எங்களூரில் புட்டைக் குழலிலோ சிரட்டையிலோ அவிப்போம். இங்கே பனையோலையில் முடைந்த நீத்துப்பெட்டி. மாவில் ஓலையின் மணம் இருந்தது. அடுக்களையிலிருந்து அவன் அம்மா, "என்னடா பறையிறாய் அங்க?" என்று கேட்டார். கை அப்படியே நின்றுவிட்டது. பேசுவதைப் பறைவது என்பது என் பாட்டியின் சொல். பள்ளிக்கூடத்தில் அது மலையாளம் என்றார்கள். சென்னையில் நான் சொன்னபோது சிரித்தார்கள்.

"நாங்களும் பறைவோம் அம்மா" என்றேன்.

"பின்னே?" என்று இன்னொரு அகப்பை குழம்பு ஊற்றினார்.

4.05

துறைமுக வாசலில் தம்பி இறக்கிவிட்டான். பேசிய கூலிக்கு மேல் வாங்க மாட்டேன் என்று கையை மடக்கிக்கொண்டான்.

"போயிட்டு வாங்கோ அக்கா."

ஊரில் படியிறங்கும்போது சொல்வதுதான் வாயில் வந்தது: "வாறேன் தம்பி."