ரூபாயா, டாலரா?

சிங்கப்பூர்ல ஒரு கடையில கார்டைச் சொருகினதும் மெஷின் திரையில ரெண்டு தொகை வரும்: ஒண்ணு சிங்கப்பூர் டாலர், இன்னொண்ணு இந்திய ரூபாய். பழகின காசாச்சேன்னு விரல் ரூபாய்க்குத்தான் போகும். போகக்கூடாதுங்க. அந்த ரூபாய்க் கணக்கைப் போடுறது நம்ம வங்கி இல்ல, கடைக்காரர் பக்கத்து வங்கி. அவங்க வச்சதுதான் ரேட்டு, அதுல லாபமும் சேர்த்திருப்பாங்க. அந்த லாபத்துல பல நேரம் கடைக்கும் பங்கு உண்டு. டாலரை அழுத்தினா விசா, மாஸ்டர்கார்டு ரேட்டு கிடைக்கும், பெரும்பாலும் அதுதான் மலிவு. இப்படிக் கடையிலேயே காசை மாத்தும்போது வர்ற கூடுதல் எத்தனை சதவீதம்னு முன்கூட்டியே காட்டணும்னு ஐரோப்பிய யூனியன் 2020-லேர்ந்து சட்டமே வச்சிருக்கு. சும்மாவா வச்சாங்க?

"டாலர்ல கட்டினா நம்ம வங்கி 3.5% வரைக்கும் எடுக்குதே"ம்பாங்க. நியாயம்தான். ஆனா ரூபாய்ல கட்டினாலும் அது வெளிநாட்டுப் பரிவர்த்தனைதான். அதுக்குன்னே தனிக் கட்டணம் போடுற இந்திய வங்கிகள் இருக்கு. ரெண்டு பக்கமும் அடி. "எவ்வளவு போகுதுன்னு உடனே தெரியுதே"ங்கறது இன்னொரு வாதம். அந்தத் தெளிவுக்கு இவ்வளவு விலை எதுக்கு? ஏடிஎம்லயும் இதே கேள்வி வரும்; ரூபாய் மாற்றத்தை மறுத்தாலும் பணம் வரும். சில கடைகள்ல கேக்காமலே அவங்களே ரூபாயை அழுத்திடுவாங்க. ரசீதுல ரூபாய் இருந்தா, தயங்காம ரத்து பண்ணி டாலர்ல போடச் சொல்லுங்க. எதுல கட்டுறதுன்னு முடிவு பண்றது வாடிக்கையாளர்தான்னு விசா விதியே சொல்லுது.