எந்த வேகத்தில் ஓட்டுவீர்கள்?

எஞ்சினின் வால்வுகளைத் திறந்து மூடும் கேமைப் பெரிதாகப் போட்டால் வண்டி பறக்கும் என்ற நம்பிக்கையோடுதான் பலரும் அந்தப் பட்டறைக்குள் நுழைகிறார்கள். இடம் அமெரிக்காவின் மில்வாக்கி, 1903இல் ஹார்லி-டேவிட்சன் மோட்டார் சைக்கிள் நிறுவனம் தொடங்கிய ஊர். ஊரின் தென்கோடியில், சரக்குக் கிடங்குகளுக்கு நடுவே இருக்கிறது பட்டறை. உரிமையாளர் அறுபதைத் தாண்டியவர். அவரிடம் தொழில் கற்று, இப்போது எஞ்சின் வேலை முழுவதையும் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கலாம். வந்தவரிடம் இருவருமே முதலில் கேட்லாக்கை நீட்டுவதில்லை. "நெடுஞ்சாலையில் டாப் கியரில் போகும்போது ஆர்.பி.எம். முள் எங்கே நிற்கும்? பின்னால் யாராவது உட்காருவார்களா? பெட்டிகளில் எவ்வளவு சுமை?" என்று விசாரிக்கிறார்கள்.

அன்று வந்திருந்தது 2003ஆம் ஆண்டு எலெக்ட்ரா கிளைடு. ட்வின் கேம் 88 எஞ்சின், 1450 சிசி. வண்டி மட்டுமே 350 கிலோவைத் தாண்டும். சொந்தக்காரர் மனைவியோடு மாநிலம் மாநிலமாகப் போகிறவர். முள் பெரும்பாலும் 2,500க்கும் 3,000க்கும் இடையில்தான் நிற்குமாம். அவர் கேட்டதோ 4,000க்கு மேல்தான் உயிர் பெறும் கேம்.

கேம் வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது லிஃப்டை, அதாவது வால்வு எவ்வளவு திறக்கிறது என்பதை. உரிமையாளர் விரல் வைத்துக் காட்டியது வேறோர் எண்ணை: இன்டேக் வால்வு எப்போது மூடுகிறது? பிஸ்டன் கீழே போய்த் திரும்பி மேலேறத் தொடங்கிய பிறகும் இந்த வால்வு கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது, உள்ளே பாய்ந்துவரும் கலவை தன் வேகத்தாலேயே சிலிண்டரை மேலும் நிரப்பும். தாமதமாக மூடுவது அங்கே லாபம். மெதுவாகச் சுற்றும்போது அந்தப் பாய்ச்சல் இல்லை. ஏறிவரும் பிஸ்டன் கலவையை வந்த வழியே திருப்பித் தள்ளிவிடும். அமுக்கம் குறையும், இழுவை போய்விடும். சொந்தக்காரர் கேட்ட கேம், பிஸ்டன் அடியைத் தொட்டபின் கிராங்க் 50 டிகிரிக்கு மேல் சுற்றிய பிறகு மூடுவது. உரிமையாளர் எடுத்து வைத்தது 30 டிகிரியை ஒட்டி மூடுவது. கம்ப்ரஷன் விகிதம் சுமார் 9ஆக இருக்கும் எஞ்சினில், ஹெட்டைத் தொடாமல் கேமை மட்டும் மாற்றுவதானால் இதுதான் சரி என்றார். பிஸ்டனோடும் ஹெட்டோடும் சேர்த்துத் திட்டமிடாமல் கேமை மட்டும் பெரிதாக்குவது காசைக் கரைப்பதுதான் என்று நானும் நினைக்கிறேன்.

மில்வாக்கி இருக்கும் விஸ்கான்சின் மாநிலத்தில் இந்தத் தொழிலுக்கு நல்ல வேர் உண்டு. ஹார்லி எஞ்சின்களுக்குச் சக்தி கூட்டும் பாகங்களால் புகழ்பெற்ற எஸ் அண்ட் எஸ் நிறுவனம் 1958இல் பக்கத்து இல்லினாய்ஸில் தொடங்கி, பின்னாளில் இங்கே வயோலா என்ற சிற்றூருக்கு வந்தது. அதன் முதல் சரக்கே எடை குறைந்த புஷ் ராடுதான், கேமின் அசைவை வால்வு வரை கொண்டுபோகும் தண்டு.

புஷ் ராடைக் கழற்றும் விதம் என்னைத் திடுக்கிட வைத்தது. பெட்ரோல் டேங்கைத் தூக்கி, ராக்கர் பெட்டிகளைப் பிரித்து எடுப்பதுதான் ஒழுங்கான வழி. அந்தப் பெண் பெரிய போல்ட் கட்டரை எடுத்து நான்கு புஷ் ராடுகளையும் வெட்டியே போட்டுவிட்டார். புதிதாகப் போவது நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய வகை. அதை மேலே எதையும் பிரிக்காமலே நுழைத்துவிடலாம். கூலியில் பல மணி நேரம் மிச்சம்.

கேம் மூடியைத் திறந்ததும் செயின்கள் தெரிந்தன. பழைய எவல்யூஷன் எஞ்சினில் ஒரே கேம், கியரில் ஓடும். 1999 மாடலில் வந்த ட்வின் கேமில் இரண்டு கேம்கள், செயினில் ஓடும். அந்தச் செயினைத் தளராமல் பிடிக்க ஸ்பிரிங் வைத்த டென்ஷனர் கட்டைகள். தேய்மானம் பார்க்க வேண்டிய பாகம் அதுதான். தேய்ந்த துகள் ஆயில் பம்புக்குள் போனால் எஞ்சினுக்கே ஆபத்து. 2007 மாடல்களில் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் டென்ஷனர் வந்தது. 2017இன் மில்வாக்கி-எய்ட் எஞ்சின் மறுபடியும் ஒற்றைக் கேமுக்கே திரும்பியது. இந்த வண்டியில் உள்பக்கக் கட்டை பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது. அதையும் மாற்ற முடிவாயிற்று.

செயினே வேண்டாம், கியராகவே போட்டால் என்ன என்று கேட்டேன். அந்தப் பெண் கிராங்கின் நுனியில் டயல் கேஜை வைத்து எஞ்சினை மெல்லச் சுற்றினார். தண்டின் ஆட்டம் அங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று பங்குக்குள் இருந்தால்தான் கியர் பற்கள் சண்டை போடாமல் ஓடும். முள் அதைத் தாண்டிப் போயிற்று. "செயின்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போனார்.

உள் பேரிங்குகளை இழுத்தெடுத்துப் புதியவை இறக்கினார். கேம்கள் இரண்டின் பல்சக்கரப் புள்ளிகளும் நேருக்கு நேர் ஒரே கோட்டில் வந்தனவா என்று கண்ணால் பார்த்தார், பிறகு அளவுகோலை வைத்தும் பார்த்தார். ஆயில் பம்பின் போல்ட்டுகளை உடனே முறுக்கவில்லை. விரலால் மட்டும் திருகிவைத்து, எஞ்சினைச் சில சுற்றுகள் சுற்றவிட்டு, பம்பு தானாக நடுவில் உட்கார்ந்த பிறகே வரிசைப்படி இறுக்கினார்.

புஷ் ராடு சரிசெய்வது ஒவ்வொரு சிலிண்டராக. கேமின் மேடு விலகியிருக்கும் நிலையில் நிறுத்தி, ராடின் ஆட்டம் நின்றதும் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இன்னும் சில சுற்றுகள் நீட்ட வேண்டும். அப்போது ராடின் அடியிலுள்ள ஹைட்ராலிக் லிஃப்டர் நிறைய எண்ணெய் இருக்கும். வால்வு சற்றுத் திறந்தே நிற்கும். அந்த நேரத்தில் எஞ்சினைச் சுற்றினால் வால்வு பிஸ்டனில் இடிக்கலாம். எண்ணெய் கசிந்து லிஃப்டர் அமுங்கும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். அவர் அவ்வப்போது வந்து ராடை இரண்டு விரலால் சுழற்றிப் பார்த்தார். சுழலவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். ராடு இலகுவாகச் சுழன்ற பிறகே அடுத்த சிலிண்டர்.

ஸ்பார்க் பிளக் இல்லாமல் ஸ்டார்ட்டரைச் சுற்றி எண்ணெய் அழுத்தம் வந்ததை உறுதிசெய்துகொண்டு, பிறகு கிளப்பினார்கள். தடுமாறித் தடுமாறி ஓடும் அந்த ஐடில் சத்தத்தைச் சொந்தக்காரர் எதிர்பார்த்திருந்தார். இரண்டு வால்வுகளும் ஒருசேரத் திறந்திருக்கும் நேரம் அதிகமானால்தான் அது வரும். இந்தக் கேமில் வராது. அவர் முகம் கொஞ்சம் வாடியது.

எரிபொருள் அளவைத் திருத்த வண்டியை, சக்தியை அளக்கும் டைனோவில் ஏற்றினார்கள். வேலைக்கு முன்பே எடுத்து வைத்திருந்த பழைய இழுவைக் கோட்டின் மேல் புதிய கோடு விழுந்தது. 2,200ஐ ஒட்டியே அது பிரிந்து மேலேறியது. 5,000க்குப் பிறகு இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. சொந்தக்காரர் 2,500லிருந்து 3,000 வரை விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.