திரிதலும் கெடுதலும்

நன்னூலார் விகாரப் புணர்ச்சியைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாக வகுத்துரைப்பார். பொன்னும் குடமும் புணர்ந்து பொற்குடம் ஆவது திரிதல். மரமும் வேரும் புணர்ந்து மரவேர் ஆவது கெடுதல். முன்னதில் ஓர் எழுத்து வேறு வடிவு கொள்கிறது. பின்னதில் ஓர் எழுத்து இல்லாமலே போகிறது. முதலாமாண்டு மாணவர்க்கு ஆண்டுதோறும் இப்பாடத்தை நடத்தி வருகிறேன். கோடை வெயிலில் ஓடி ஏமாற்றமடைந்த ஒரு மனத்தை ஆற்றுதற்கும் இப்பாடம் துணையாகும் என்று நான் எண்ணியிருந்ததில்லை. அவ்வாறு துணையான வரலாற்றை நம் துறை மலரின் வழியே மாணவர்க்கும் பெரியோர்க்கும் சொல்ல விழைகிறேன்.

நாற்பதைக் கடந்த வயதில் ஓட வந்தவன் நான். குருதியில் சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டது என்றும், இனி நாள்தோறும் உடலை வருத்தியே ஆகவேண்டும் என்றும் மருத்துவர் கூறினார். அதே நோயால் என் தந்தையார் தம் 58ஆம் வயதில் கண்ணொளி இழந்து, பிறர் குர்ஆன் ஓதக் கேட்டே இறுதிக் காலத்தைக் கழித்தவர். ஆதலின் மருத்துவரின் சொல் என் நெஞ்சில் ஆழப் பதிந்தது. வைகறைத் தொழுகை முடிந்ததும் உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையில் நடக்கத் தொடங்கினேன். நடை மெல்ல மெல்ல ஓட்டமாயிற்று. துறை மாணவர் சிலரும் உடன் வரலாயினர். அவருள் ஒருவர் காந்தி மார்க்கெட்டில் மூட்டை சுமக்கும் தொழிலாளி ஒருவரின் மகன். பல்கலைக்கழக அணியில் இடம் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலைக்கு வழி பிறக்கும் என்ற நம்பிக்கையில் ஓடியவர். நான் நோய்க்கு அஞ்சி ஓடினேன். அவர் வறுமையை வெல்ல ஓடினார்.

ஒரு பங்குனித் திங்கள் ஞாயிற்றுக்கிழமை, நகரிலிருந்து திருவரங்கம் சென்று மீளும் 21 கி.மீ. ஓட்டம் ஒன்றிற்கு இருவரும் பெயர் கொடுத்தோம். நான்கு மாதப் பயிற்சியைக் கொண்டு, 2 மணி 20 நிமிடத்தில் முடித்துவிடலாம் எனக் கணக்கிட்டிருந்தேன். மாணவரோ முதற்பத்துப் பேரில் ஒருவராக வருவார் என்று நாங்கள் அனைவரும் எதிர்பார்த்தோம். காலை 5 மணிக்கு என்று அறிவிக்கப்பெற்ற ஓட்டம், தொடங்கி வைக்க வேண்டிய விருந்தினர் வரக் காலந்தாழ்ந்தமையால் 6.30 மணிக்கே தொடங்கியது. திருச்சிராப்பள்ளியில், அதுவும் பங்குனியில், ஒன்றரை மணி நேரம் என்பது சிறு பொழுதன்று. இருள் நீங்குமுன் ஓடிப் பழகிய உடல்கள் ஏறுவெயிலுக்குள் இறங்க வேண்டியதாயிற்று.

போகும்போது காவிரிப் பாலத்தில் சற்றே காற்றிருந்தது. மாம்பழச்சாலை கடந்து, அம்மா மண்டபம் சாலை வழியே சென்று, அடையவளஞ்சான் வீதியைச் சுற்றி வருவதற்குள் வெயில் முதுகில் ஏறிவிட்டது. 12ஆவது கி.மீட்டரில் நெஞ்சு படபடத்தது, கால்கள் கனத்தன. வழியோரம் பூக்கட்டிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் என்னைக் கண்டு எழுந்து, தம் குடத்து நீரை என் தலையில் ஊற்றினார். கோயிலுக்கு வேண்டுதலாக ஓடுகிறேன் என்று எண்ணினார் போலும். "மெதுவாப் போங்க தம்பி. படுத்திருக்கிற பெருமாள் எங்கேயும் எந்திரிச்சுப் போயிட மாட்டாரு" என்றார். அன்று எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த பயிற்சியுரை அதுவே.

மீளும் வழியில் பாலத்தின் மீது நிழல் என்பதே இல்லை. கீழே நீரற்ற காவிரியின் மணற்பரப்பு வெளிறிக் கிடந்தது. அடுத்திருந்த தண்ணீர்ப் பந்தலில் நீர் தீர்ந்திருந்தது. அவ்வெயிலிலும் கைகளில் மயிர்க்கூச்செறிந்தபோது, இது நல்ல அறிகுறியன்று என உணர்ந்து ஓட்டத்தை நிறுத்தி நடந்தேன். முடிக்க 2 மணி 58 நிமிடம் ஆயிற்று. மாணவரோ 15ஆவது கி.மீட்டரில் தலைசுற்றி அமர்ந்துவிட்டார். உடன் வந்தோர் அவரை நிழலுக்குக் கொண்டு சென்று, நீரால் நனைத்து, முதலுதவிக்கு அனுப்பினர். மாலைக்குள் உடல் தேறிவிட்டது, உள்ளம் தேறவில்லை.

நான் மூன்று நாள் காலணியைத் தொடவில்லை. ஆசிரியர் அறையில் யாரேனும் ஓட்டத்தைப் பற்றிக் கேட்டுவிடுவரோ என்று கூசினேன். ஆயினும் என் இழப்பு 38 நிமிடம் மட்டுமே. மாணவரின் இழப்பு அத்தகையதன்று. மறுவாரம் என்னிடம் வந்து, "ஐயா, எனக்கு இது வராதுங்க. அப்பாவும் போதும்னு சொல்லிட்டாரு. நாளையிலேருந்து மார்க்கெட்டுக்குப் போறேன்" என்றார். ஒரு காலை நேரத்து வெயில் ஓர் இளைஞனின் எதிர்காலத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லிவிட்டதாக அவர் நம்பினார். அத்தீர்ப்பு சரிதானா என்று ஆராய வேண்டிய கடமை அன்று எனக்கு நேர்ந்தது.

நூல்களைத் தேடிப் படித்தேன். மருத்துவ நண்பரிடம் கேட்டேன். நாம் ஓடும்போது தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வெப்பமாகவே வெளிப்படுகிறதாம். அவ்வெப்பத்தை வெளியேற்ற உடல் குருதியைத் தோலுக்கு அனுப்புகிறது. வியர்வை ஆவியாகும்போது உடல் குளிர்கிறது. புறவெப்பம் மிகும்போது ஒரே குருதியைத் தோலும் தசையும் பங்கு போட வேண்டியுள்ளது. வியர்வையால் நீர் குறையக் குறைய இதயம் விரைந்து துடித்து அக்குறையை ஈடுசெய்ய முயல்கிறது. காற்றில் ஈரப்பதம் மிகுந்தாலோ வியர்வை ஆவியாகாமல் வழிந்து வீணாகிறது. ஆதலின் குளிர்ந்த வைகறையில் எளிதாக இருந்த அதே வேகம் வெயிலில் மலையேற்றமாகிறது. வேகம் குறைவது உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் வழியே ஆகும்.

இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. நம் அண்டை மாவட்டமான புதுக்கோட்டையைச் சேர்ந்த ஜி. இலட்சுமணன், 2017 சூலையில் புவனேசுவரத்தில் நடைபெற்ற ஆசியத் தடகளப் போட்டியில் 5,000 மீட்டரிலும் 10,000 மீட்டரிலும் தங்கம் வென்றார். அங்கே 5,000 மீட்டருக்கு அவர் எடுத்துக்கொண்ட நேரம் ஏறத்தாழ 14 நிமிடம் 54 விநாடி. அடுத்த மாதமே இலண்டனில் உலகப் போட்டியில் அதே தொலைவை 13 நிமிடம் 36 விநாடிக்குள் ஓடினார். ஆயினும் இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெறவில்லை. முந்தியது மெதுவான வெற்றி. பிந்தியது விரைவான தோல்வி. போட்டியாளரின் உத்தியும் இவ்வேறுபாட்டிற்குக் காரணமே. எனினும் ஒடிசாவின் ஆனிப் புழுக்கத்தையும் இலண்டனின் குளிர்ந்த மாலையையும் ஒரே கடிகாரத்தால் அளக்க இயலாது என்பது தெளிவு.

கேரளத்து வயநாட்டைச் சேர்ந்த ஓ.பி. ஜெய்ஷாவின் வரலாறு இன்னும் உருக்கமானது. 2015இல் பெய்ஜிங்கில் 2 மணி 34 நிமிடம் 43 விநாடியில் மாரத்தான் ஓடித் தேசியச் சாதனை படைத்த அவர், 2016 ஆகஸ்டு 14 அன்று ரியோ ஒலிம்பிக்கில் வெயிலில் ஓடி 2 மணி 47 நிமிடம் 19 விநாடியில் 89ஆவதாக வந்தார். எல்லைக்கோட்டைக் கடந்ததும் மயங்கி வீழ்ந்தார். வழியில் தமக்கு நீர் தர நம் நாட்டவர் எவரும் நிற்கவில்லை என்று அவர் கூறியதும், உரியவர்கள் அதனை மறுத்ததும் நாடறிந்த செய்திகள். அவ்வழக்கு எவ்வாறாயினும், ஓராண்டிற்கு முன் நாட்டிலேயே முதலிடத்தில் நின்ற கால்கள் அன்று தம் ஆற்றலை இழந்துவிட்டன என்று எவரேனும் சொல்வரோ? 2019இல் தோஹாவில் நடந்த உலகப் போட்டியில் மகளிர் மாரத்தானை வெப்பத்திற்கு அஞ்சி நள்ளிரவில் நடத்தினர். அப்படியும் ஓடத் தொடங்கிய 68 பேரில் 28 பேர் முடிக்க இயலாமல் விலகினர். அவர்கள் அனைவரும் தம் நாட்டின் தலைசிறந்த ஓட்டக்காரர்கள்.

மாணவரிடம் நான் விரிவாகச் சொன்னது ஜப்பானியர் ஒருவரின் கதையை. 1912 சூலை 14 அன்று ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் கடும் வெப்பத்தில் மாரத்தான் நடந்தது. போர்ச்சுகல் நாட்டு பிரான்சிஸ்கோ லாசரோ வழியில் வீழ்ந்து மறுநாள் உயிர் நீத்தார். ஜப்பானின் ஷிசோ கனாகுரி வெப்பத்தால் சோர்ந்து, வழியிலிருந்த ஒரு வீட்டாரின் தோட்டத்தில் இளைப்பாறி, ஓட்டத்தைக் கைவிட்டார். ஒலிம்பிக் அலுவலர்க்கு அறிவியாமலே தாய்நாடு திரும்பினார். ஆயினும் ஓட்டத்தை அவர் விட்டுவிடவில்லை. 1920 ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் மாரத்தானை முடித்து 16ஆவதாக வந்தார். அதே ஆண்டில் தொடங்கிய ஹகோனே எகிடென் என்னும் பல்கலைக்கழகத் தொடர் ஓட்டம் உருவாக முன்னின்று உழைத்தவரும் அவரே. இன்றும் ஜப்பானியர் புத்தாண்டு தோறும் அதனைக் கொண்டாடுகின்றனர். 1967இல் சுவீடன் நாட்டார் அவரை அழைத்து, பழைய ஓட்டத்தை முடிக்கச் செய்தனர். 54 ஆண்டு, 8 மாதம், 6 நாள், 5 மணி, 32 நிமிடம், 20.379 விநாடி என்று அவருக்கு நேரம் குறித்தனர். அன்று அவர் விலகாது ஓடியிருந்தால் லாசரோவின் கதி அவருக்கும் நேர்ந்திருக்கலாம். நின்றமையால் வாழ்ந்தார்; வாழ்ந்தமையால் தலைமுறைகளை ஓட வைத்தார்.

இவ்வளவும் கேட்ட பின்னும் மாணவர் தலைகுனிந்தே இருந்தார். அப்போதுதான் புணரியல் எனக்குக் கைகொடுத்தது. "பொற்குடத்தில் பொன் எங்கே போயிற்று?" என்று கேட்டேன். "குடம் வந்ததால் னகரம் றகரமாகத் திரிந்தது ஐயா" என்றார். "பொன் அழிந்ததா?" "இல்லை ஐயா." "அணி என்னும் சொல் வந்தால்?" "பொன்னணி. னகரம் திரியாமல் இரட்டும்." "உன் ஓட்டத்திற்கு அன்று வருமொழியாக வந்தது வெயில். நிகழ்ந்தது திரிதல். நீ கெடுதல் என்று எழுதிவிட்டு விடைத்தாளை மடிக்கிறாய்" என்றேன். முதன்முறையாக அவர் முகத்தில் சிறு நகை அரும்பியது. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து நிற்பதையே பாலை என்றார் இளங்கோவடிகள். பாலை என்று தனி நிலம் கிடையாது. மழை பெய்தால் முல்லை மீண்டும் முல்லையே. ஓட்டக்காரனின் ஆற்றலுக்கும் இஃது ஒக்கும் என்பது என் துணிபு.

ஏமாற்றத்தை ஆற்றுதற்கு எண்ணம் மட்டும் போதாது, செயலும் வேண்டும். நாங்கள் கைக்கொண்ட முறைகளை மாணவர் நலம் கருதிக் கூறுகிறேன். முதலாவது, ஓடிய நேரத்தை மட்டும் குறித்து வைக்காமல், அன்றைய வெப்பத்தையும் தொடங்கிய பொழுதையும் அருகே குறித்தோம். தனியே நின்றபோது குற்றப்பத்திரிகையாகத் தோன்றிய எண், அவற்றோடு சேர்ந்தபோது செய்தியாக மாறியது. இரண்டாவது, முதல் வாரம் ஓட்டத்தைப் பற்றி எம்முடிவும் எடுப்பதில்லை என உறுதி பூண்டோம். களைத்த உடலோடு எண்ணும் எண்ணமும் களைத்தே இருக்கும். மூன்றாவது, வெயிலுக்கு உடலைப் பழக்கினோம். நாள்தோறும் சிறிது நேரம் மிதமான வெயிலில் மெதுவாக ஓடினால் 10 முதல் 14 நாட்களில் குருதியின் நீர்மம் பெருகி, வியர்வையும் விரைவில் சுரக்கத் தொடங்கும். நான்காவது, வெயில் நாளில் கடிகாரத்தைப் பாராமல் மூச்சைப் பார்த்து ஓடினோம். நீரும் உப்பிட்ட மோரும் தாகத்திற்கு ஏற்ப அருந்தினோம். அளவுக்கு மீறி நீர் பருகுவதும் தீங்கே. தலைசுற்றலோ மனக்குழப்பமோ தோன்றினால் உடனே நின்றுவிட வேண்டும். ஒருவர் நிலைகுலைந்து வீழ்ந்தால் மருத்துவ உதவிக்குச் சொல்லியனுப்பிவிட்டு, அது வரும்வரை காத்திராமல் நிழலில் கிடத்தி நீரால் உடலைக் குளிர்விக்க வேண்டும். இது உயிர் காக்கும் செயல்.

மாணவர் காலையில் மார்க்கெட்டுக்குப் போகவில்லை. மாலையில் போனார், தந்தைக்குத் துணையாக. காலையில் என்னோடு ஓடினார். அவ்வாண்டுக் கார்த்திகையில் அணித் தேர்வு நடந்தது. இரண்டு இடம் பின்தங்கியதால் அவர் அணியில் சேர்க்கப்படவில்லை. ஆயினும் அன்று அவர் ஓடியது தம் வாழ்நாளிலேயே மிக விரைவான 10 கி.மீ. அதனை என்னிடம் சொல்ல வந்தபோது அவர் குரலில் வருத்தம் இருந்தது, வெட்கம் இல்லை. வருத்தத்தோடு ஒருவன் அடுத்த நாள் ஓட இயலும், வெட்கத்தோடு இயலாது. அவர் அடுத்த நாளும் வாய்க்கால் கரைக்கு வந்தார்.

தேர்வு முடிவுகள் வரும் பருவத்தில் நம் கல்லூரிகளிலும் இல்லங்களிலும் எத்தனையோ இளையோர் ஒரே நாளின் விளைவைத் தம் வாழ்வின் மதிப்பாகக் கொண்டு கலங்குகின்றனர். அந்நாளில் அவருக்கு வருமொழியாக வந்தது யாது என்று கேட்பார் அருகே ஒருவரேனும் இருத்தல் வேண்டும். அக்கேள்வியைக் கேட்கும் பொறுப்பு ஆசிரியராகிய எமக்கும் பெற்றோராகிய உங்களுக்கும் உரியது.