கழுத்துல தேடினா, நெஞ்சுல இருந்துச்சு!

உங்க வீட்டுல யாருக்காவது அடிக்கடி கிட்னி கல் வருதா? அப்போ இது உங்களுக்குத்தான்.

எங்க ஊர் அன்னூர் பக்கம். அங்கே கல்லுன்னா எல்லாரும் போர் தண்ணியைத்தான் கை காட்டுவாங்க. எங்க அத்தையும் அப்படித்தான் நம்பினாங்க. நாலு வருஷத்துல மூணு தடவை கல். கேன் தண்ணி, வாழைத்தண்டுச் சாறு... எதுக்கும் மசியல. கூடவே எலும்பு வலி, அசதி. 'வயசாகுது'ன்னு விட்டுட்டோம். அத்தைக்கு வயசு 46தான்!

கடைசியில் கோவையில ஒரு டாக்டர் ரத்தத்துல கால்சியம் பார்க்கச் சொன்னார். எக்கச்சக்கம். பாராதைராய்டு ஹார்மோனும் அதிகம்.

பயாலஜியைப் பத்தாவதோடு தலைமுழுகினவ நான். தேடித்தேடிப் படிச்சேன். தைராய்டுக்குப் பின்னால் அரிசி மணி சைஸில் நாலு சுரப்பிகள். கால்சியத்தைக் கட்டிக் காப்பது இவைதான். ஒன்று வீங்கினால், எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி ரத்தத்தில் கொட்டும். அதுதான் கிட்னியில் கல். மனிதர்களிடம் இவற்றைக் கண்டுபிடித்து 1880ல் எழுதியவர், ஸ்வீடனின் ஐவர் சாண்ட்ஸ்ட்ராம். நாய் கழுத்தில் இதை முதலில் பார்த்தப்போ அவரும் நம்மளை மாதிரி ஸ்டூடண்ட்தான்!

செஸ்டமிபி ஸ்கேன்ல அத்தையோட வீங்கின சுரப்பி கழுத்துல இல்லை, நெஞ்சுக்கூட்டுக்குள்ள! கருவில் கீழ் ஜோடி சுரப்பிகள் தைமஸோடு சேர்ந்து இறங்கி வரும். கழுத்தில் நின்றுவிட வேண்டும். சிலது காந்திபுரத்துல இறங்காம தூங்கி, உக்கடம் போய்ச் சேர்ற கேஸ்!

"ஏஞ்சாமி, நெஞ்சைப் பொளந்துதான் எடுப்பாங்களா?" அத்தை கையெல்லாம் நடுக்கம்.

தைரியம் சொல்ல, அமெரிக்கக் கப்பல் கேப்டன் சார்லஸ் மார்ட்டெல் கதையைச் சொன்னேன். 1926லிருந்து ஆறு தடவை கழுத்தைத் திறந்தும் கட்டி கிடைக்கல. அவரே லைப்ரரியில் உடற்கூறு படித்து, நெஞ்சைத் திறக்கச் சொன்னார். 1932ல் ஏழாவது ஆபரேஷனில் அங்கேதான் கிடைச்சது. ஆனா கிட்னி ஏற்கெனவே கெட்டிருந்தது. ஆறு வாரத்தில் இறந்துவிட்டார். அந்த முடிவை மட்டும் அத்தைகிட்ட சொல்லல.

அத்தைக்கு நெஞ்சைப் பிளக்கவே இல்லை. கழுத்து வழியாகவே தைமஸை மேலே இழுத்து, அதிலிருந்த சுரப்பியை எடுத்துட்டாங்க. அதை எடுத்த பத்து நிமிஷத்தில் ரத்தத்தில் ஹார்மோன் பாதிக்கும் கீழே! சில நாள் உதடும் விரலும் மரத்த மாதிரி இருந்தது. இத்தனை நாள் காய்ந்த எலும்பு, கால்சியத்தை அள்ளிக்குமாம். மாத்திரையில் சரியானது.

அப்புறம் கல் வரவில்லை. போர் தண்ணியைத் திட்டுறதையும் அத்தை விட்டுட்டாங்க.

ஃப்ரெண்ட்ஸ், வீட்டில் யாருக்காவது கல் திரும்பத் திரும்ப வந்தா, டாக்டர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "ரத்தத்துல கால்சியம் பார்த்துடலாமா?" நாங்க அதைக் கேட்க நாலு வருஷம் ஆச்சு.