அரைச் சக்கரை

மாஸ்டர் கிளாஸில் சக்கரை போடும் சத்தத்தைக் கேட்டே, டீ யாருக்கு என்று சொல்லிவிடுவேன். ஸ்பூன் கிளாஸின் விளிம்பில் ஒருமுறை தட்டினால் பாங்க்கில் இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று முறை தட்டினால் ஆட்டோக்காரர். தட்டாமலே டீ இறங்கினால் சுகர்காரர் எவரோ வந்து நிற்கிறார்.

கோயம்புத்தூர் ரேஸ்கோர்ஸை ஒட்டிய ஒரு தெருமுக்கு இது. நடைபாதையை ஒரு சுற்று வந்தால் சுமார் 2.5 கிலோமீட்டர். என் மனைவி தினமும் இரண்டு சுற்று போவாள். என் வலது முழங்கால் அரைச் சுற்றிலேயே தகராறு செய்வதால், அவள் திரும்பி வரும்வரை எனக்கு இந்தக் கடை பெஞ்சு. மூன்று வருடத்தில் இங்கே நான் பேசியதையெல்லாம் ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிவிடலாம். பார்ப்பதோடு சரி.

ஆறரைக்கு நால்வர் வருவார்கள். பாதையை அடைத்துக்கொண்டு வரிசையாக நடக்கிறவர்கள். பின்னால் வருகிறவர்கள் மண்ணில் இறங்கித்தான் தாண்டவேண்டும். பேச்சு சூடுபிடிக்கிற இடத்தில் கால் நின்றுவிடும். சட்டை முதுகில் ஒரு பொட்டு ஈரம் இருக்காது. அவர்களில் வெள்ளைத் தொப்பிக்காரர்மேல் எனக்குத் தனிக் கவனம். "மாஸ்டர், நமக்கு அரைச் சக்கரைங்க" என்பார், தெருவுக்கே கேட்கும்படி. சொல்லி முடிப்பதற்குள் கை வடைத் தட்டுக்குப் போயிருக்கும்.

மேலே இருப்பதை எடுக்க மாட்டார். இரண்டை ஓரம் நகர்த்தி, விளிம்பு நன்றாகச் சிவந்த ஒன்றைப் பிடிப்பார். பழைய பேப்பர் தாளை நாலாக மடித்து, நடுவில் வடையை வைத்து, இரண்டு உள்ளங்கையாலும் அழுத்துவார். பிறகு தாளைப் பிரித்து, டாக்டர் எக்ஸ்ரே பார்க்கிற மாதிரி வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடிப்பார். எண்ணெய் ஊறிய வட்டத்தில் மறுபக்கத்து எழுத்தும் தெரியும். "அத்தனையும் எறங்கிருச்சு பாருங்க." மற்ற மூவரும் பார்த்துத் தலையாட்டுவார்கள். இரண்டாவது வடைக்கு அந்தத் தாள்தான் அனுமதிச் சீட்டு. "அதான் நடந்தாச்சில்லீங்க" என்று ஒருவர் தீர்மானத்தை வழிமொழிவார்.

உயிரியல் வாத்தியாராக இருந்தவன் நான். கணக்குப் போடாமல் இருக்க வராது. 65 கிலோ உள்ள ஒருவர் அந்த ஒரு சுற்றில் செலவழிப்பது 120 கலோரி அளவுக்கு இருக்கும். அரை ஸ்பூன் சக்கரையை விட்டதில் மிச்சம் 10. எண்ணெய் குடித்த ஒரு வடையே சுற்றின் பெரும்பங்கைத் திருப்பிக் கொடுத்துவிடும். அதுகூடப் போகட்டும். எனக்குப் புதிர், அவர் முகம். பசியோடு வருகிறவன் கைக்குக் கிடைத்ததை எடுத்து வாயில் போடுவான். இவர் மாப்பிள்ளை பார்ப்பதுபோல் வடை பார்க்கிறார்.

அவர்கள் எழுந்து போகிற நேரத்துக்கு இரண்டு பையன்கள் வருவார்கள். காவலர் தேர்வுக்குத் தயாராகிறவர்கள். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடியாக வேண்டும் என்பதால் நடப்பவர்களுக்கு நடுவே புகுந்து புகுந்து ஓடுகிறார்கள். வந்ததும் ஒருவன் முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து நிற்பான். மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டி, காலடியில் சின்ன வட்டமாக ஈரம். மாஸ்டர் தேங்காய் பன்னை நீட்டுவார். அவன் நிமிராமலே, வேண்டாம் என்று உள்ளங்கையை மட்டும் விரித்துக் காட்டுவான். "இப்பப் பாத்தாலே கொமட்டுதுண்ணா."

அரைமணி நேரம் கழித்து அதே பையன் இரண்டு பன்னை டீயில் முக்கி முக்கித் தின்பான். நடுவில் அந்த அரைமணி நேரம் இருக்கிறதே, அதைப் பார்ப்பதற்கு டிக்கெட் போட்டாலும் வாங்குவேன்.

ஓடும்போது ரத்தம் கால் தசைக்கும் தோலுக்கும் ஓடிவிடுகிறது. வயிறு அம்போ என்று விடப்படுகிறது. பசியை மூட்டும் கிரெலின் என்கிற ஹார்மோனை ஜப்பானியர்கள் 1999-இல் கண்டுபிடித்தார்கள். இரைப்பையிலிருந்துதான் அது பெரும்பாலும் சுரக்கிறது. மூச்சு வாங்க ஓடினால் அது கொஞ்ச நேரத்துக்கு இறங்குகிறது. குடல் சுரக்கும் 'போதும்' ஹார்மோன்கள் ஏறுகின்றன. அவற்றில் ஒன்று ஜிஎல்பி-1. எடை குறைக்க இன்று பணக்காரர்கள் போட்டுக்கொள்ளும் ஊசி, அதைப் பார்த்துச் செய்ததுதான். 2022-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் இன்னொன்றைச் சொன்னார்கள். தசையில் ஊறும் லாக்டேட், ஃபினைல்அலனின் என்கிற அமினோ அமிலத்தோடு சேர்ந்து லாக்-ஃபீ என்றொரு பொருளாகிறது. கொழுத்த எலிகளுக்கு அதை ஊசியாகப் போட்டபோது, 12 மணி நேரத்துக்குத் தீனி பாதியாகக் குறைந்தது. ஓடி முடித்த மனிதர்களின் ரத்தத்திலும் பந்தயக் குதிரைகளின் ரத்தத்திலும் அது எகிறியிருந்தது. குதிரை ஓடிய மைதானத்தின் பெயரைச் சுமக்கிற ஊர்ப்பகுதியில் உட்கார்ந்து இதைப் படித்தபோது எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

தொப்பிக்காரருக்கு லாக்டேட் எங்கே ஊறப்போகிறது? அவருக்கு வேலை செய்தது வாய் மட்டும்.

ஆனால் சாதாரண நடைக்கு ஒன்றும் இல்லை என்றும் சொல்லிவிட மாட்டேன். ஐடி கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே ஒரு பெண் வருவாள். நைட் ஷிஃப்ட் முடிந்த கண்கள். நடப்பதற்கு முன்னால் ஜாடியிலிருந்து இரண்டு கடலைமிட்டாய் வாங்குவாள். வாங்குகிற அவசரத்தைப் பார்த்தால் அங்கேயே பிரித்துவிடுவாள் என்றுதான் தோன்றும். கையில் பொத்திக்கொண்டு, போனில் யாரிடமோ சிடுசிடுத்தபடி விறுவிறுவென்று போவாள். திரும்பும்போது மிட்டாய் அதே கையில், காகிதம் வியர்வையில் நனைந்து, பிரிக்காமலே இருக்கும். அதைப் பைக்குள் போட்டுவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்புவாள். ஐந்தாறு முறை பார்த்துவிட்டேன். ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் 2015-இல் இதையே ஆட்களை வைத்துச் சோதித்திருக்கிறார்கள். எடை கூடியவர்கள், மூன்று நாள் இனிப்பை நிறுத்திவைத்தவர்கள். 15 நிமிடம் வேகமாக நடந்தபின் இனிப்பைப் பார்த்தபோது, சும்மா உட்கார்ந்திருந்த நாளைவிட ஆசை குறைந்திருந்தது. எரிந்த கலோரி அற்பம். மனம் வேறெங்கோ போய் வந்திருக்கிறது.

'நாட்டுச்சக்கரை டீ கிடைக்கும்' என்று அட்டை தொங்குகிறது. நடந்து வருகிறவர்களில் பாதிப்பேர் அதைத்தான் கேட்கிறார்கள்; வெள்ளைச் சக்கரையில் ஒரு ஸ்பூன் போடுகிறவர் இதில் இரண்டு. 100 கிராமுக்கு வெள்ளை 400 கலோரியை ஒட்டி என்றால் இது 380 சொச்சம். கொங்கு நாட்டில் இதை வெளியே சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

ஒருநாள் வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் வந்து கல்லாப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். குளிர்ந்த காலை, நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. விரல் நடுங்கியது. மாஸ்டர் ஒன்றும் கேட்கவில்லை. வெந்நீரில் மூன்று ஸ்பூன் சக்கரையைக் கலக்கி, கிளாஸை அவர் கையில் வைத்து, தன் கையாலேயே சேர்த்துப் பிடித்துக் குடிக்கவைத்தார். மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஒன்றும் சாப்பிடாமல் நடந்திருக்கிறார். உழைக்கிற தசை இன்சுலினுக்குக் காத்திருக்காமலே ரத்தத்துச் சக்கரையை உறிஞ்சும். மாத்திரையும் சேர்ந்து இழுத்தால் ஆள் சாய வேண்டியதுதான். அன்று மட்டும் ஸ்பூன் சத்தம் எனக்கு இதமாக இருந்தது.

ஏழே காலுக்குத் தள்ளுவண்டியை ஓரம் நிறுத்திவிட்டு வருவார் ஒரு அக்கா, துப்புரவுப் பணியாளர். சட்டைக்கு மேலே பச்சைக் கோட்டு. "தம்பி, சக்கரை நெறையா." மாஸ்டருக்குத் தெரியும், நாலு ஸ்பூன். பெஞ்சில் உட்கார மாட்டார். நின்றபடி ஊதி ஊதிக் குடித்துவிட்டு, அடியில் கரையாமல் கிடக்கும் சக்கரையை விரலால் வழித்து நாக்கில் தடவிக்கொள்வார். அதோடு பத்து மணிவரை தாங்கவேண்டும். தொப்பிக்காரர் நடந்ததைப்போல மூன்று மடங்கு இவர் வண்டியோடு நடந்திருப்பார். அதற்கு யாரும் வாக்கிங் என்று பேர் வைக்கவில்லை.

ழான் மேயர் என்கிற ஊட்டச்சத்து ஆய்வாளரும் அவருடைய இரண்டு இந்தியத் தோழர்களும் 1956-இல் வெளியிட்ட கட்டுரை இந்த நேரத்தில்தான் எனக்கு நினைவுக்கு வரும். மேற்கு வங்கச் சணல் ஆலை ஒன்றின் 213 ஆண்கள். மூட்டை சுமந்தவர்கள் நிறையச் சாப்பிட்டார்கள், உழைப்பு குறையக் குறையச் சாப்பாடும் குறைந்தது. ஒரு கட்டம்வரைதான். நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்த மேற்பார்வையாளரும் கடைக்காரரும், சுமைதூக்கியவர்களுக்குச் சளைக்காமல் சாப்பிட்டு, எடையும் போட்டிருந்தார்கள். அந்த ஆய்வில் ஓட்டை சொன்னவர்கள் பின்னால் உண்டு. எனக்கென்னவோ அந்தக் கடைக்காரரை நேரில் தெரிந்த மாதிரி இருக்கிறது. அசையாத உடம்புக்கு எவ்வளவு போதும் என்பது மறந்துபோகிறது.

தெரியாமல் என்ன. இந்த பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஐந்தே முக்காலுக்கு ஒரு டீ, ஆறரைக்கு ஒரு வருக்கி, வெள்ளைத் தொப்பி வடையை அமுக்குவதைப் பார்த்து வாயூறி இன்னொரு டீயும் இன்னொரு வருக்கியும். சக்கரை முழுசு.

மனைவி வருகிறாள். கன்னம் சிவந்து, மூக்குத்தியின் ஓரத்தில் வியர்வை. "டீ போடட்டுங்களா அம்மிணி?" என்கிறார் மாஸ்டர். "வேண்டாம் தம்பி, வீட்டுக்குப் போய் எட்டரைக்குப் பாத்துக்கறேன். இப்ப ஒண்ணும் எறங்காது." பெஞ்சில் என் பக்கத்தில் கிடந்த வருக்கித் தூளைப் புறங்கையால் தட்டிவிட்டு உட்கார்கிறாள். "உங்களுக்குப் பசிக்குமே, பாவம். ஒரு டீயோட உக்காந்திருக்கீங்க."

அவள் வருவதற்குள் காசைக் கொடுத்துவிடுவது என் வழக்கம். இன்று மறந்துவிட்டேன்.

"எவ்வளவு ஆச்சு தம்பி?" என்று அவளே சுருக்குப்பையை அவிழ்க்கிறாள்.

மாஸ்டர் என்னைப் பார்த்தார். வருக்கி டப்பாவைப் பார்த்தார். துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்திருந்த மேசையை இன்னொருமுறை துடைத்தார்.

"ஒரு டீதானுங்க" என்றார். "மிச்சத்த சார்கிட்ட நாளைக்கு வாங்கிக்கறனுங்."