இரண்டு இஞ்ச் உயரம்

2023 டிசம்பர் 17. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டிய ஞாயிற்றுக்கிழமை. தூத்துக்குடியில் எங்கள் வாசலில் நின்ற பிக்கப் வண்டி, மறுநாள் விடியும்போது பானட் வரை தண்ணீருக்குள் கிடந்தது.

தண்ணீர் வடிந்ததும் என் வீட்டுக்காரர் அவசரப்பட்டு சாவியைத் திருகினார். 'கடக்'கென்று ஒரு சத்தம். பிரித்துப் பார்த்தால் கனெக்டிங் ராடு வளைந்திருந்தது. உப்பளத்து மூட்டை ஏற்றிப் பிழைக்கிற குடும்பம் நாங்கள். என் வளையல் நான்கும் பேங்குக்குப் போயின.

வண்டி மறுபடி ஓடியதும் அவருக்கு ஒரே பிடிவாதம். "இரண்டு இஞ்ச் தூக்கி, பெரிய டயர் போட்டுட்டா தண்ணி ஒண்ணும் செய்யாது." ராத்திரியெல்லாம் மொபைலில் வெளிநாட்டு வண்டிகளின் வீடியோதான். ஒரு பட்டறையில் அச்சுக்கும் கட்டுப் பட்டைக்கும் நடுவே இரும்புக் கட்டை கொடுத்து, நீளமான யு போல்ட் போட்டுத் தூக்கினார்கள். பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. சேலையோடு என்னால் ஏறத்தான் முடியவில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். உப்பு லோடோடு பைபாஸ் வளைவில் திரும்பும்போது வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, இரண்டு சக்கரம் தரையை விட்டு எழும்பியிருக்கிறது. எப்படியோ நிமிர்ந்துவிட்டது. என்னிடம் சொன்னது இரண்டு நாள் கழித்து! எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளே எங்கள் பழைய கட்டு மெக்கானிக்கிடம் நானும் கூடப் போனேன். அவர் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணாச்சி, உயரம் பத்தாம வண்டி சாகல. ஏர் ஃபில்டர் வழியா தண்ணி குடிச்சுது, நீங்க ஸ்டார்ட் பண்ணீங்க, ராடு வளைஞ்சுது. பானட் வரைக்கும் வந்த தண்ணிக்கு ரெண்டு இஞ்ச் என்ன செய்யும்?" வண்டி உயர உயர லோடின் பாரமும் மேலே போகும், வளைவில் கவிழ்க்கும். டயர் பத்து சதவீதம் பெரிதானால் மீட்டர் 50 காட்டும்போது வண்டி 55-இல் போகும், பிரேக்கும் தள்ளித்தான் பிடிக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவும், 2019-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் அவருக்கு அத்துபடி. "எஃப்.சி.க்கு இப்படியே கொண்டு போனா திருப்பி அனுப்பிருவாங்க" என்றார்.

என் வீட்டுக்காரர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "கழத்திருங்க" என்றார். உப்புத் தண்ணீர் பட்டு போல்ட்டெல்லாம் துருவேறி இறுகியிருந்தன. கழற்ற அரை நாள் ஆனது. பெரிய டயர்கள் பாதி விலைக்குப் போயின.

இப்போது வானம் கறுத்தால் முதல் வேலையாக வண்டியை மேட்டுத் தெருவில் விட்டுவிட்டு நடந்து வருகிறார். இரும்புக் கட்டை இரண்டும் கொல்லையில் கிடக்கின்றன. வளையல்களில் இரண்டை மீட்டாயிற்று, இன்னும் இரண்டு பாக்கி.